மிதவெப்பக் காட்டில் ஒரு மரம் பிழைப்பதும் பட்டுப்போவதும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காட்டு மரங்களைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் திரும்பத் திரும்ப வரும் கேள்விகள் இவை. பக்கத்தில் யார் நிற்கிறார்கள், காலடியில் என்ன மண் இருக்கிறது, எந்த ஆண்டில் என்ன வந்து தாக்கியது என்ற மூன்றையும் சேர்த்துப் பார்க்காமல் ஒரு மரத்தின் சாவைப் புரிந்துகொள்ள முடியாது என்பது என் உறுதியான எண்ணம், அதனால் பதில்களும் அந்த வழியிலேயே போகும்.

மிதவெப்பக் காடு என்று எதைச் சொல்கிறோம்?

கோடையும் குளிர்காலமும் தெளிவாகப் பிரிந்து, குளிரில் மரங்களின் வளர்ச்சி பெரும்பாலும் நின்றுபோகும் நிலப்பகுதிகளின் காடுகள். வட அமெரிக்காவின் கிழக்குப் பகுதியும் மேற்குக் கரையும், ஐரோப்பாவின் பெரும்பகுதி, வடகிழக்குச் சீனா, கொரியா, ஜப்பான், இமயமலையின் நடு உயரங்கள், தென்கோளத்தில் சிலியும் நியூசிலாந்தும் இதில் வரும். ஓக், மேப்பிள், பீச், பிர்ச், ஆஷ், பைன், ஸ்ப்ரூஸ், ஹெம்லாக் போன்றவைதான் இங்கே அதிகம். வெப்பமண்டலக் காட்டை விட இன வகைகள் குறைவு, அதனால் ஒரே ஓர் இனம் அழிந்தாலும் காட்டின் முகமே மாறிவிடும்.

ஒரு மரம் பட்டுப்போனால் காரணம் இதுதான் என்று சொல்லிவிட முடியுமா?

புயலில் சாய்ந்தது, தீயில் கருகியது என்றால் சொல்லலாம். மற்றபடி கடினம். காட்டு நோயியல் அறிஞர் பால் மேனியன் 1981-இல் இதற்கு ஒரு நல்ல சட்டகம் கொடுத்தார். முதலில் மரத்தை ஆண்டுக்கணக்கில் மெல்ல மெல்லப் பலவீனமாக்கும் காரணங்கள்: சத்தில்லாத மண், நெருக்கமான அண்டை மரங்கள், முதுமை. அப்புறம் திடீரென்று வந்து அடிக்கும் காரணங்கள்: ஒரு கடும் வறட்சி, காலம் தப்பிய உறைபனி, இலையெல்லாம் தின்று தீர்க்கும் புழுக்கள். கடைசியில் வந்து முடித்துவைப்பவை: பட்டை வண்டு, வேரை அழுகவைக்கும் ஆர்மில்லேரியா பூஞ்சை. நம் கண்ணுக்குத் தெரிவது இந்தக் கடைசி ஆள் மட்டும்தான், பழியும் அதன் மேல்தான் விழுகிறது. ஆனால் நல்ல நிலையில் இருக்கும் பல மரங்கள் அதே பூஞ்சையோடு பல காலம் வாழ்ந்துகொண்டுதான் இருக்கின்றன.

எந்த வயதில் அதிகம் சாகின்றன?

சின்ன வயதில்தான், அதில் சந்தேகமே இல்லை. விழும் விதைகளில் பெரும்பகுதியை எலியும் அணிலும் பூச்சியும் தின்றுவிடும், முளைத்தவற்றில் பெரும்பகுதி முதல் ஓரிரு ஆண்டுகளில் போய்விடும். அதைத் தாண்டி வளர வளர ஆபத்து குறைகிறது, நடுத்தர அளவில் இருக்கும்போது மரம் ஓரளவு பாதுகாப்பாக இருக்கிறது, பிறகு மிகப் பெரிதாகும்போது காற்று, மின்னல், வறட்சி, உள்ளழுகல் என்று ஆபத்து மீண்டும் ஏறுகிறது. வரைபடமாகப் போட்டால் இரண்டு ஓரமும் உயர்ந்து நடுவில் பள்ளமாக இருக்கும். வளர்ந்த மரங்களை மட்டும் எடுத்துக்கொண்டால், பெரிய இடர் எதுவும் வராத காலத்தில் நூற்றுக்கு ஒன்று, சில இடங்களில் இரண்டு என்ற அளவில்தான் ஆண்டுதோறும் சாகின்றன. கேட்க அற்பமாக இருக்கும். ஆனால் ஆண்டுக்கு ஒரு சதவீதம் இரண்டு சதவீதமாக ஆனால், நிற்கும் மரங்களின் சராசரி ஆயுள் பாதியாகிவிடும்.

அண்டை மரம் எப்படி ஆபத்தாகும்?

மேலே வெளிச்சத்தை மறிக்கும், கீழே தண்ணீரையும் சத்தையும் இழுக்கும். இதில் வெளிச்சப் போட்டி ஒருதலையானது: உயரமான மரம் குட்டையானதை நிழலில் தள்ளிவிடும், குட்டை மரத்தால் பதிலுக்கு எதுவும் செய்ய முடியாது. வேர்ப் போட்டி அப்படி இல்லை, அங்கே சின்ன மரத்துக்கும் ஓரளவு பங்கு கிடைக்கிறது. அதனால்தான் ஆய்வாளர்கள் அண்டை மரங்களின் எண்ணிக்கையை மட்டும் பார்ப்பதில்லை. ஒவ்வொன்றின் பருமனையும் தூரத்தால் வகுத்துக் கூட்டி ஓர் அளவு எடுக்கிறார்கள், பருத்த மரம் அருகில் நின்றால் அந்த எண் ஏறும், மெல்லிய மரம் தள்ளி நின்றால் இறங்கும். பொதுவாக 10 முதல் 20 மீட்டர் தூரத்துக்குள் இருப்பவற்றைத்தான் கணக்கில் சேர்ப்பார்கள்.

ஒரே வயதில் முளைத்த அடர்ந்த காட்டில் இது ஒரு விதியாகவே ஓடுகிறது. மரங்கள் பருக்கப் பருக்க எண்ணிக்கை குறைந்தே ஆக வேண்டும், பலவீனமானவை தானாகக் கழிந்துபோகும். சராசரிப் பருமனுக்கும் ஒரு ஹெக்டேரில் நிற்கக்கூடிய மரங்களின் எண்ணிக்கைக்கும் உள்ள இந்த உறவை அமெரிக்க வனவியலாளர் ரெய்னெக்கே 1933-இலேயே எழுதிவைத்தார், வனத்துறைகள் இன்றும் பயன்படுத்துகின்றன.

சொந்த இனத்து மரம் பக்கத்தில் இருப்பது நல்லதுதானே?

பல இனங்களுக்கு நேர்மாறு. எனக்கு இந்தத் துறையில் மிகவும் பிடித்த கேள்வி இதுதான், அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

1970-இல் டேனியல் ஜான்சனும் 1971-இல் ஜோசப் கானலும் தனித்தனியாக ஒரு கருத்தை முன்வைத்தார்கள். தாய்மரத்தைச் சுற்றி அந்த இனத்துக்கே உரிய பூச்சிகளும் நோய்க்கிருமிகளும் சேர்ந்துவிடுகின்றன, அதனால் தாயின் காலடியில் முளைக்கும் கன்றுகள் அதிகம் சாகின்றன, தள்ளிப்போய் விழுந்த விதைக்குத்தான் வாய்ப்பு, இதனால்தான் ஒரே இனம் காட்டை ஆக்கிரமிக்க முடிவதில்லை என்றார்கள். இது வெப்பமண்டலக் காடுகளை மனதில் வைத்துச் சொன்னது. மிதவெப்பக் காட்டிலும் இது நடக்கிறதா என்று பலருக்குச் சந்தேகம் இருந்தது. 2000-ஆம் ஆண்டில் அலிசா பேக்கர், கீத் கிளே இருவரும் அமெரிக்காவின் இண்டியானாவில் கறுப்புச் செர்ரி மரத்தை வைத்து அதற்கு விடை சொன்னார்கள். தாய்மரத்துக்கு அருகில் எடுத்த மண்ணில் கன்றுகள் கொத்தாகச் செத்தன. அதே மண்ணைக் கிருமிநீக்கம் செய்து நட்டால் பிழைத்தன. குற்றவாளி மண்ணில் வாழும் பித்தியம் என்ற நோய்க்கிருமி. இதில் அழகான ஒரு தொடர்ச்சியும் உண்டு: அதே கறுப்புச் செர்ரியை ஐரோப்பாவுக்குக் கொண்டுபோய் நட்டபோது, அங்கே மண் அதை இப்படித் தடுக்கவில்லை, அது காடுகளுக்குள் அடர்த்தியாகப் பரவி இன்று பெரிய தொல்லையாக நிற்கிறது.

எல்லா இனங்களுக்கும் இது ஒரே அளவில் இல்லை. மேப்பிள், ஆஷ், செர்ரி போன்றவை வேரின் செல்லுக்குள் புகும் வகை வேர்ப்பூஞ்சையோடு கூட்டு வைத்திருக்கின்றன. ஓக், பீச், பைன் போன்றவற்றின் பூஞ்சை வேரின் வெளியே உறை மாதிரி போர்த்திக்கொள்ளும். முதல் வகை மரங்களில் சொந்த இனத்து அண்டையால் வரும் கேடு பொதுவாக அதிகம். இரண்டாம் வகையில் குறைவு, சில சமயம் தாய்மரத்துக்கு அருகே இருப்பதே கன்றுக்கு நல்லதாகிறது, அந்த உறை நோய்க்கிருமியிடமிருந்து வேரைக் காப்பது இதற்கு ஒரு காரணம். பீச் காடும் பைன் காடும் ஒரே இனமாகப் பரந்து நிற்பதையும் செர்ரி அங்கொன்றும் இங்கொன்றுமாக நிற்பதையும் நினைத்துப் பாருங்கள், பொருந்துகிறது.

அப்படியானால் வேறு இனத்து அண்டை நல்லதா?

வெளிச்சத்துக்கும் தண்ணீருக்கும் அதுவும் போட்டிதான். ஆனால் நோயும் பூச்சியும் ஒரு மரத்திலிருந்து அதே இனத்தின் அடுத்த மரத்துக்குப் போவதை நடுவில் நின்று தடுக்கும். நெருங்கிய உறவுடைய இனம் என்றால் இந்தப் பாதுகாப்பு குறையும், ஏனென்றால் பல கிருமிகள் உறவினங்களையும் தாக்கும்.

மரங்கள் பூஞ்சை வலை வழியாக ஒன்றுக்கொன்று உணவு அனுப்பி உதவுகின்றன என்கிறார்களே?

இதன் தொடக்கம் உண்மையான ஆய்வுதான். கனடாவின் சூசன் சிமார்ட் 1997-இல், பேப்பர் பிர்ச் கன்றுகளுக்கும் டக்ளஸ் ஃபர் கன்றுகளுக்கும் இடையே கார்பன் இடம் மாறுவதைக் காட்டினார். அது நடக்கிறது. ஆனால் அதிலிருந்து "தாய்மரம் தன் பிள்ளைகளை ஊட்டி வளர்க்கிறது" என்று போனது மிகப் பெரிய தாவல். 2023-இல் ஜஸ்டின் கார்ஸ்ட் உள்ளிட்ட மூவர் இருக்கிற சான்றுகளை ஒன்றாக எடுத்து ஆராய்ந்து, காட்டில் இப்படிப்பட்ட வலைகள் எவ்வளவு பரவலானவை, கன்றுகள் பிழைக்க அவை உண்மையில் உதவுகின்றனவா என்பதற்குப் போதிய சான்று இல்லை என்று எழுதினார்கள். நான் அவர்கள் பக்கம். காட்டை நேசிப்பதற்கு அதைக் குடும்பமாக ஆக்க வேண்டியதில்லை.

அப்போது அண்டை மரத்தால் எந்த உதவியும் இல்லையா?

நிறைய உண்டு, குறிப்பாக இடம் கடுமையாக இருக்கும்போது. மலையுச்சியில் மரங்கள் நிற்கும் கடைசி எல்லையில், ஒன்றையொன்று ஒட்டி நிற்கும் குட்டை மரங்கள் காற்றையும் பனித்துகள்களையும் சேர்ந்து தாங்குகின்றன, தனியாக நின்றால் கருகிப்போகும். வெப்பமான வறண்ட சரிவில் ஒரு புதரின் நிழல் கன்றின் முதல் கோடையைக் கடத்திவிடும். சூழல் எவ்வளவு கொடுமையோ அவ்வளவுக்கு அண்டை துணையாகும், சூழல் வளமானால் அதே அண்டை போட்டியாகும் என்று பெர்ட்னெஸ், கேலவே இருவரும் 1994-இல் சொன்னது பெரும்பாலும் நிற்கிறது.

செத்த மரமும் அண்டைதான், அதை மறக்கக் கூடாது. அமெரிக்காவின் ஒலிம்பிக் தீபகற்பத்து மழைக்காடுகளில், விழுந்து கிடக்கும் பெருந்தண்டுகளின் மேல்தான் ஹெம்லாக்கும் சிட்கா ஸ்ப்ரூஸும் முளைக்கின்றன. தரையில் பாசியும் பெரணியும் மூடிக் கிடப்பதால் அங்கே கன்றுக்கு இடமில்லை. பல பத்தாண்டுகள் கழித்து அந்தத் தண்டு மக்கிப்போன பிறகும், மேலே முளைத்தவை நேர்வரிசையில் நிற்பதைப் பார்க்கலாம். காட்டைச் "சுத்தம்" செய்கிறோம் என்று விழுந்த மரங்களை எல்லாம் அகற்றுவது இதனால்தான் எனக்கு மனவருத்தம் தருகிறது.

நிழலில் ஒரு கன்று எவ்வளவு காலம் தாங்கும்?

இனத்தைப் பொறுத்தது. கிழக்கு அமெரிக்க ஹெம்லாக் முழு வெயிலில் 5 சதவீதம் கிடைத்தாலே உயிரோடு இருக்கும், பல பத்தாண்டுகள் ஆள் உயரம் கூட வராமல் காத்திருந்து, மேலே ஒரு மரம் விழுந்து வெளிச்சம் வந்ததும் எழும். பீச்சும் சர்க்கரை மேப்பிளும் அப்படித்தான். ஆஸ்பென், பிர்ச், பல பைன் வகைகளுக்கு இந்தப் பொறுமை இல்லை, ஆனால் திறந்த வெளி கிடைத்தால் வேகமாக ஓடிவிடும். இரண்டிலும் ஒரே சமயத்தில் சிறந்த இனம் என்று ஒன்று இல்லை.

சரிவும் மண்ணும் எவ்வளவு முக்கியம்?

வடகோளத்தில் தெற்கு நோக்கிய சரிவு அதிக வெயில் வாங்கிச் சீக்கிரம் காய்கிறது, வடக்கு நோக்கிய சரிவு ஈரமாகவும் குளிர்ச்சியாகவும் இருக்கிறது. சில நூறு மீட்டர் இடைவெளியில் காடே மாறிவிடும். பள்ளத்தில் இரவில் குளிர்காற்று தேங்கி உறைபனி அடிக்கும். நீர் தேங்கும் மண்ணில் வேர் ஆழமாகப் போகாது, காற்றில் எளிதில் சாயும்.

சத்தைப் பொறுத்தவரை அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்து ஹப்பர்ட் புரூக் காட்டில் நடந்தது தெளிவான பாடம். அமில மழை பல பத்தாண்டுகளாக மண்ணிலிருந்து கால்சியத்தைக் கழுவிக் கொண்டுபோயிருந்தது. 1999-இல் ஒரு முழு நீர்ப்பிடிப்புப் பகுதிக்கும் கால்சியம் சிலிகேட்டைத் தூவினார்கள். அடுத்த ஆண்டுகளில் சர்க்கரை மேப்பிளின் தலைப்பகுதி தேறியது, கன்றுகளும் அதிகம் பிழைத்தன. அதுவரை "ஏதோ நோய்" போலத் தெரிந்தது மண்ணின் குறை என்று புரிந்தது.

இன்னொரு வியப்பு மண்புழு. தோட்டத்தில் நாம் கொண்டாடும் இதே உயிர், பனியுகத்துப் பனிப்பாறைகளால் மண்புழுவே இல்லாமல் போயிருந்த வட அமெரிக்கப் பெருஏரிகள் பகுதிக் காடுகளுக்குள் ஐரோப்பாவிலிருந்து வந்து நுழைந்தபோது, தரையை மூடியிருந்த இலைச்சருகை வேகமாகத் தின்றுவிட்டது. சருகு மெத்தையை நம்பி முளைத்த மேப்பிள் கன்றுகளுக்கு அது பேரிழப்பு.

வறட்சியில் மரம் எப்படிச் சாகிறது?

இரண்டு வழி. வேரிலிருந்து இலைவரை தண்ணீர் தொடர்ந்த இழைகளாக மேலே இழுக்கப்படுகிறது. மண் காய்ந்து இழுவிசை அளவுக்கு மீறும்போது அந்த இழை அறுந்து குழாய்க்குள் காற்றுக்குமிழ் புகுந்துவிடும், அந்தக் குழாய் அவ்வளவுதான். போதுமான குழாய்கள் போனால் மரம் காய்ந்துபோகும். இன்னொரு வழி, தண்ணீரைக் காக்க இலைத்துளைகளை மூடிக்கொள்வது. மூடினால் கரியமில வாயுவும் உள்ளே வராது, உணவுத் தயாரிப்பு குறையும், சேமிப்பு கரையும், பூச்சியை எதிர்க்கப் பிசின் சுரக்கக்கூட வழியிருக்காது. பெரும்பாலான சாவுகளில் இரண்டும் கலந்தே இருக்கின்றன.

2018-இல் தொடங்கிய வறட்சி ஆண்டுகளில் ஜெர்மனியில் நடந்ததைப் பாருங்கள். தண்ணீர் இல்லாமல் தளர்ந்த நார்வே ஸ்ப்ரூஸ் மரங்களை பட்டை வண்டுகள் மலை மலையாக முடித்தன, மூன்று ஆண்டுகளுக்குச் சற்று அதிகமான காலத்தில் சுமார் 5 லட்சம் ஹெக்டேர் காட்டுப் பரப்பு போனது. வறட்சி மட்டுமா காரணம்? குளிர்ந்த உயர்மலைக்கு உரிய ஸ்ப்ரூஸைத் தாழ்நிலங்களில் ஒரே இனமாக, ஒரே வயதாக, நெருக்கமாக நட்டதுதான் அடித்தளம். வண்டுக்கு அடுத்த மரம் எப்போதும் பத்தடி தூரத்தில் இருந்தது. நெருக்கத்தைக் குறைத்து இடைமரங்களை எடுத்த காடுகள் வறட்சியை மேலாகத் தாங்குவதைப் பல இடங்களில் பார்த்திருக்கிறார்கள், மிஞ்சிய ஒவ்வொரு மரத்துக்கும் மண்ணில் அதிகத் தண்ணீர் இருக்கிறது.

குளிர் நாட்டு மரம் குளிரால் சாகுமா?

சாகும், பெரும்பாலும் காலம் தப்பிய குளிரால். வசந்தம் சீக்கிரம் வந்து துளிர்த்த பிறகு உறைபனி அடித்தால் இளம் இலைகள் கருகும், சேமிப்பிலிருந்து இரண்டாவது முறை துளிர்க்க வேண்டிவரும். ஓக் மரத்தின் அகலக் குழாய்கள் குளிர்காலத்தில் உறைந்து பயனற்றுப்போவதால், வசந்தத்தில் புதுக் குழாய் கட்டிய பிறகே அது இலை விடுகிறது, அந்தத் தாமதம் அதைப் பனியிலிருந்தும் காக்கிறது.

வெப்பநிலை உயர்ந்து, அதனாலேயே மரம் குளிரில் செத்த கதையும் இருக்கிறது. தென்கிழக்கு அலாஸ்காவின் மஞ்சள் சிடார் மரங்களின் மெல்லிய வேர்கள் தரைக்கு வெகு அருகில் இருக்கும், தரைமேல் படியும் பனிதான் அவற்றுக்குப் போர்வை. குளிர்காலம் மிதமாகிப் பனிப்படலம் குறைந்தபோது, இடையிடையே வந்த கடுங்குளிர் அந்த வேர்களை நேரடியாக உறையவைத்தது. 2 லட்சம் ஹெக்டேருக்கு மேல் பாதிப்பு.

வெளியிலிருந்து வந்த நோய், பூச்சி?

இதுதான் மற்ற எல்லாக் கணக்கையும் கவிழ்க்கக்கூடியது. 1904-இல் நியூயார்க்கில் செஸ்நட் கருகல் நோய் முதலில் கண்டறியப்பட்டது, ஆசியாவிலிருந்து வந்த பூஞ்சை. அரை நூற்றாண்டுக்குள் கிழக்கு அமெரிக்காவில் 300 முதல் 400 கோடி செஸ்நட் மரங்கள் போயின. பழைய வேர்களிலிருந்து இன்றும் தளிர் வருகிறது, பட்டை முதிர்ந்ததும் மீண்டும் நோய் தொற்றிச் சாகிறது. 2002-இல் டெட்ராய்ட் அருகே கண்டுபிடிக்கப்பட்ட மரகத ஆஷ் துளைப்பான் என்ற வண்டு கோடிக்கணக்கான ஆஷ் மரங்களைக் கொன்றுவிட்டது. இவை வலிமையான மரத்தையும் விடாது, நல்ல மண்ணும் இடைவெளியும் இங்கே பெரிதாகக் காப்பாற்றாது. ஐரோப்பாவின் ஆஷ் கருகல் நோயில் மட்டும் அண்டையின் பங்கு தெரிகிறது: ஆஷ் அடர்ந்த காட்டை விட ஆஷ் அரிதாக நிற்கும் திறந்த வெளிகளில் பாதிப்பு குறைவு.

மான்கள்?

வேட்டையாடும் விலங்குகள் இல்லாத இடங்களில் மான் பெருகினால், கன்றுகள் முழங்கால் உயரம் தாண்டாது. வேலியிட்ட சிறு பரப்பில் கன்று நிறைந்திருக்கும், வெளியே தரை வெறுமையாக இருக்கும். மேலே பெருமரங்கள் செழிப்பாக நிற்பதால் யாருக்கும் தெரியாது, அடுத்த தலைமுறையே இல்லாத காடு அது.

காற்று?

1987 அக்டோபர் புயலில் தென்கிழக்கு இங்கிலாந்தில் சுமார் 1.5 கோடி மரங்கள் சாய்ந்தன. இலை உதிராத நேரம், மழையில் ஊறிய மண், இரண்டும் சேர்ந்துகொண்டன. கூட்டத்துக்குள் வளர்ந்த மரத்தை, சுற்றியிருப்பவற்றை வெட்டிவிட்டுத் திடீரென்று தனியே நிறுத்தினால் அதற்குக் காற்றைத் தாங்கும் பழக்கம் இருக்காது. இடைவெளியைப் படிப்படியாகக் கூட்ட வேண்டும் என்பது இதனால்தான்.

இதையெல்லாம் எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?

பொறுமையால். அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் நிறுவனம் ஒருங்கிணைக்கும் ஃபாரஸ்ட்ஜியோ என்ற காட்டு ஆய்வுக் களங்களின் வலையமைப்பில், ஒரு பெரிய பரப்பை அளந்து, அதில் 1 செ.மீ. பருமனுக்கு மேற்பட்ட ஒவ்வொரு தண்டுக்கும் எண் பொறித்த தகடு கட்டி, 1.3 மீட்டர் உயரத்தில் பருமனை அளந்து, இடத்தையும் குறிக்கிறார்கள். வழக்கமாக ஐந்தாண்டுக்கு ஒருமுறை திரும்ப வந்து யார் உயிரோடு இருக்கிறார்கள் என்று பார்க்கிறார்கள். முதல் களம் பனாமாவில் அமைந்தது, இப்போது சீனாவின் சாங்பாய் மலையில் 25 ஹெக்டேர், அமெரிக்காவின் ஹார்வர்ட் காட்டில் 35 ஹெக்டேர் என்று மிதவெப்பக் களங்களும் பல. ஒவ்வொரு மரத்தின் அண்டையும் மண்ணும் உயரமும் தெரிந்திருப்பதால், எது சாவோடு சேர்ந்து வருகிறது என்று கணக்கிட முடிகிறது. ஐந்தாண்டு இடைவெளியில் ஒரு குறை உண்டு, செத்த மரம் எதனால் செத்தது என்ற தடயம் அதற்குள் அழிந்துவிடும். சில களங்களில் இதற்காகவே ஆண்டுதோறும் சாவுக் கணக்கு எடுக்கிறார்கள்.

கடைசியில் அண்டையா, சூழலா, எது பெரியது?

கன்றுப் பருவத்தில் சொந்த இனத்து அண்டையும் வெளிச்சமும், இளமரப் பருவத்தில் பருத்த அண்டை மரங்களின் நெருக்கம், பெருமரமான பிறகு வறட்சி, காற்று, பூச்சி என்று முக்கியத்துவம் நகர்கிறது. இரண்டையும் தனித்தனியே நிறுத்தி எடைபோடுவது எனக்குச் சரியாகப் படவில்லை, ஏனென்றால் வறட்சி வரும் ஆண்டில் அது எவ்வளவு வலிக்கும் என்பதையே அண்டைதான் தீர்மானிக்கிறது.

காலநிலை மாற்றம் ஏற்கெனவே தெரிகிறதா?

தெரிகிறது. மேற்கு வட அமெரிக்காவில் 76 முதிர்காட்டுக் களங்களை நீண்டகாலம் கண்காணித்து 2009-இல் வெளிவந்த ஆய்வில், சாவு விகிதம் 17 முதல் 29 ஆண்டுகளில் இரட்டிப்பாகும் வேகத்தில் ஏறிக்கொண்டிருந்தது. எல்லா அளவு மரங்களிலும், பல இனங்களிலும், பல உயரங்களிலும் ஏறியது, அதனால் நெருக்கத்தின் மேல் மட்டும் பழிபோட முடியவில்லை. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் மலைப்பைன் வண்டு சுமார் 1.8 கோடி ஹெக்டேரைப் பாதித்ததும் இதோடு சேர்ந்ததுதான், அதன் புழுக்களைக் கொல்லும் மைனஸ் 40 பாகைக் குளிர் போதிய அளவு வரவில்லை.

மரம் நட்டுக் காடு வளர்ப்பவர்கள் இதிலிருந்து என்ன எடுத்துக்கொள்ளலாம்?

ஒரே இனத்தால் நிரப்பாதீர்கள், ஒரே வயதாலும் நிரப்பாதீர்கள். நடும் இனம் அந்தச் சரிவுக்கும் மண்ணுக்கும் உரியதா என்று முதலில் பாருங்கள், அடுத்த ஐம்பது ஆண்டு வெப்பத்தையும் சேர்த்து யோசியுங்கள். நெருக்கமாக நட்டால் பிறகு இடைமரம் எடுக்கும் வேலையையும் பொறுப்பாகச் செய்யுங்கள். மான் இருந்தால் வேலி அல்லது கன்றுக் காப்பு கட்டாயம். விழுந்த தண்டுகளில் கொஞ்சத்தையாவது அப்படியே கிடக்க விடுங்கள். நட்ட எண்ணிக்கையோடு நிறுத்தாமல், ஐந்தாம் ஆண்டிலும் பத்தாம் ஆண்டிலும் எத்தனை உயிரோடு இருக்கின்றன, செத்தவற்றின் பக்கத்தில் என்ன நின்றது என்று எழுதிவையுங்கள்.